பெருக்குவதா, வகுப்பதா?

எண்ணுக்கு மொழி வேண்டாம் என்பார் உளர். ஏழும் எட்டும் எந்நாட்டிலும் ஏழும் எட்டுமே என்பது அவர் வாதம். எண்ணைப் பொறுத்தவரை அது மெய்யாகலாம். கணக்கைப் பொறுத்தவரை அது மெய்யன்று. கணக்கு என்று நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சிறுகதை. அதில் மனிதர் வருவர், பொருள் வரும், கொடுத்தலும் வாங்கலும் நிகழும், கதை ஒரு வினாவோடு முடியும். கதையைப் புரிந்துகொள்ளாத பிள்ளைக்கு வாய்பாடு துணை செய்யாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வேளையில் வீடுகளின் முன்னறைகளில் ஒலிக்கும் ஒரு கேள்வியைப் பெற்றோர் யாவரும் கேட்டிருப்பர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை கணக்கை ஒருமுறை படிக்கும், தலையை நிமிர்த்தும், "இது பெருக்கிறதா, பிரிக்கிறதா?" என்று கேட்கும். விடை கிடைத்ததும் பெருக்கியோ வகுத்தோ பிழையின்றிச் செய்து முடிக்கும். பெற்றோரும் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது என்று மகிழ்வர். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே கணக்கு என்பதையும், மீதியெல்லாம் கைவேலை என்பதையும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பரீட்சை மண்டபத்தில் அக்கேள்வியைக் கேட்க அருகில் ஆள் இராது.

நான் தமிழ் கற்பிப்பவன். கணித ஆசிரியன் அல்லேன். ஆயினும் இஃது என் எல்லைக்குள்ளும் வரும் காரியம் என்று கருதுவதால் இதனை எழுதத் துணிந்தேன்.

சொல்லைப் பிடித்துக் கொள்ளும் வழி

இத்தொல்லைக்கு ஒரு குறுக்கு வழியைப் பலர் கற்பிக்கின்றனர். 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு. 'மீதி' என்று வந்தால் கழி. 'மடங்கு' என்று வந்தால் பெருக்கு. 'ஒவ்வொருவருக்கும்' என்று வந்தால் வகு. இவ்வாறு சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்கையைத் தெரியும் முறை சில நாளைக்குப் பயன் தருவது போலவே தோன்றும். பின்வரும் கணக்குகளைப் பாருங்கள்.

முதலாவது: 24 மாம்பழங்களை 4 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் எத்தனை கிடைக்கும்? இரண்டாவது: 24 மாம்பழங்களை ஒவ்வொருவருக்கும் 4 வீதம் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? மூன்றாவது: 24 பேரில் ஒவ்வொருவருக்கும் 4 மாம்பழம் வீதம் கொடுக்க எத்தனை பழம் வேண்டும்?

மூன்றிலும் 24 உண்டு, 4 உண்டு, 'ஒவ்வொருவருக்கும்' என்ற சொல்லும் உண்டு. முதலிரண்டுக்கும் விடை 6. மூன்றாவதற்கு விடை 96. விடை ஒன்றாயினும் முதலாவதும் இரண்டாவதும் ஒரே கதையல்ல. முதலாவதில் ஆட்களின் தொகை தெரியும், பங்கின் அளவு தெரியாது. இரண்டாவதில் பங்கின் அளவு தெரியும், ஆட்களின் தொகை தெரியாது. முன்னதைப் பங்கிடும் வகுத்தல் என்றும், பின்னதை அளந்தெடுக்கும் வகுத்தல் என்றும் கொள்ளலாம்.

இன்னும் ஒன்று: வள்ளியிடம் 24 மணிகள் உள்ளன, அவை கமலாவிடம் உள்ள மணிகளின் 3 மடங்கு, கமலாவிடம் எத்தனை? 'மடங்கு' என்ற சொல்லைக் கண்டதும் பெருக்கப் பழகிய பிள்ளை 72 என்று எழுதும். விடை 8 அன்றோ? சொல்லைப் பிடித்துக் கதையை நழுவவிட்டதன் விளைவு இது.

இலக்கணம் காட்டும் படம்

நம் மொழி இவ்வேறுபாடுகளை அறியாத மொழியன்று. நன்னூல் செய்த பவணந்தியார் எண்ணுப் பெயர்கள் இரட்டித்து வரும்போது எவ்வாறு திரியும் என்று ஒரு விதி வகுத்துள்ளார். ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களில் ஒன்பதை விடுத்து ஏனையவை அடுக்கி வரும்போது ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐவைந்து, அவ்வாறு, எவ்வேழு, எவ்வெட்டு, பப்பத்து என்று நிற்கும். ஐவைந்து என்றால் ஆளுக்கு ஐந்து, அல்லது கூறுக்கு ஐந்து என்பது பொருள். பெருக்கற் கணக்கின் உள்ளீடான 'சமமான கூட்டங்கள்' என்னும் கருத்து அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இதனோடு வாய்பாட்டுச் சொல்லை ஒப்பிடுக. ஐயைந்து என்றால் இருபத்தைந்து. ஐவைந்து என்றால் ஐந்தைந்தாக. ஈரிரண்டு என்றால் நான்கு. இவ்விரண்டு என்றால் இரண்டிரண்டாக. ஐவருக்கு ஐவைந்து பழம் கொடுக்க ஐயைந்து பழம் வேண்டும். இவ்வொரு வாக்கியத்தில் கூட்டங்களின் தொகை, ஒவ்வொரு கூட்டத்தின் அளவு, முழுத்தொகை என்னும் மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. முன்னிரண்டும் தெரிந்து மூன்றாவது தெரியாவிட்டால் பெருக்கல். மூன்றாவது தெரிந்து முன்னிரண்டில் ஒன்று தெரியாவிட்டால் வகுத்தல். ஈண்டு ஓரெழுத்து வேறுபாடு கணக்கையே வேறாக்குகிறது. இதனை என் வகுப்பில் நான் இலக்கணமாகவே கற்பிக்கிறேன். கேட்கும் மாணாக்கர் தங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து 'ஆளுக்கு', 'வீதம்', 'தலைக்கு' என்ற சொற்களைத் தாமே தேடத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். உயர்கணிதத்தையே தாங்க வல்ல மொழிக்குத் தொடக்க வகுப்புக் கணக்கு சுமையாகாது. குறை மொழியில் இல்லை. சொல்லைக் காட்சியாக மாற்றும் பழக்கத்தை நாம் பிள்ளைக்குக் கொடுக்காமையில் உள்ளது.

கையால் அறிதல், கண்ணால் அறிதல்

காட்சியாகக் கற்பித்தல் நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்றனர். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அம்முறையைக் கண்டு தம் பள்ளியில் கைக்கொண்டார். 1797இல் அதுபற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மொண்டிசோரி அம்மையார் மணிகளைக் கோத்துப் பத்தையும் நூற்றையும் ஆயிரத்தையும் பிள்ளைகளின் கையிலே கொடுத்தார். அமெரிக்க உளநூலறிஞர் செரோம் புரூணர் 1966இல் வெளியிட்ட நூலில், அறிவு செயலாகவும் உருவமாகவும் குறியீடாகவும் மனத்தில் நிலைபெறும் என்று விளக்கினார். முதலிற் கை, பின்னர்க் கண், அதன் பின்னரே எண் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

நம் வீடுகளில் இதற்கான கருவிகள் விலையின்றிக் கிடக்கின்றன. பல்லாங்குழிப் பலகையில் ஒரு பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து முத்து வீதம் இடும் ஆட்டத்தில் எழுபது முத்து வேண்டும். முத்துக்களைக் குழிக்கு ஐந்தாக இடும்போது பிள்ளை பெருக்கலைக் கையால் செய்கிறது. எழுபது முத்தையும் அள்ளிக் கொடுத்து, 'பதினான்கு குழிக்கும் சமமாக இடு' என்றால் அது பங்கிடும் வகுத்தல். 'குழிக்கு ஐந்தாக இட்டுக்கொண்டு போ, எத்தனை குழி நிரம்பும் பார்' என்றால் அது அளந்தெடுக்கும் வகுத்தல். ஒரே பலகையில் மூன்று பாடம்.

வாசலில் இடும் புள்ளிக் கோலம் மற்றொரு கருவி. ஆறு புள்ளி வீதம் நான்கு வரிசை இட்டால் இருபத்துநான்கு புள்ளி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதுவே நான்கு புள்ளி வீதம் ஆறு வரிசை. 4 × 6 என்பதும் 6 × 4 என்பதும் ஒரே தொகையாவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. கடையில் உள்ள முட்டைத் தட்டும் அத்தகையதே. ஐந்து வரிசையில் அவ்வாறாக முப்பது முட்டை அதில் இருக்கும். ஆயினும் தொகை ஒன்றாவதால் கதையும் ஒன்றாகிவிடாது. நான்கு பேருக்கு ஆறாறு பழம் கொடுப்பதும், ஆறு பேருக்கு நந்நான்கு பழம் கொடுப்பதும் பழக்காரனுக்கு ஒன்று, உண்பவருக்கு வேறு.

நீள்கட்டப் படம்

எண் பெரிதாகும்போது முத்தும் புள்ளியும் உதவா. நாநூற்றெண்பது ரூபாவைப் புள்ளியாக இட முடியுமா? இவ்விடத்தில் சிங்கப்பூர் காட்டிய வழி நமக்குப் பயன்படும். 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டில் கோ டெக் ஹோங் என்பார் தலைமையில் இயங்கிய பாடநூற் குழுவினர், கதைக் கணக்குகளை நீள்சதுரக் கட்டங்களாக வரைந்து தீர்க்கும் முறையைத் தொடக்கப் பள்ளிகளிற் புகுத்தினர். தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வழங்கும் அந்நாடு, 1995இல் நடந்த பன்னாட்டுக் கணித ஆய்வில் முதலிடம் பெற்றது. அதற்கு இம்முறை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆசிரியர் பயிற்சியும் பாடநூல் ஒழுங்கும் உடன் நின்றன. எனினும் அதன்பின் பல நாட்டு ஆசிரியர் இப்படத்தைக் கற்க முனைந்தனர்.

முறை எளிது. தெரிந்த முழுத்தொகைக்கு ஒரு நீள்கட்டம் வரைக. அது 24 மாம்பழம் எனக் கொள்க. நான்கு பேருக்குப் பங்கிடுவதாயின் கட்டத்தை நான்கு சமகூறாகப் பிரித்து ஒரு கூறின்மேல் வினாக்குறி இடுக. ஆளுக்கு நான்காயின் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு கூறு வரைந்து அதில் 4 என்று எழுதி, 'இத்தகைய கூறுகள் எத்தனை?' என்று வினாக்குறி இடுக. விடையாகிய ஆறு இரண்டிலும் ஒன்றே, படங்கள் வேறு. எது தெரியும், எது தெரியாது என்பது பிள்ளையின் கண்முன் நிற்கிறது.

வள்ளியின் மணிக் கணக்கை வரைவோம். முதலில் கமலாவுக்கு ஒரு கூறு. அதன்கீழ் வள்ளிக்கு அதே அளவில் மூன்று கூறு. 24 யாருடையது? வள்ளியுடையது. ஆகவே மூன்று கூறு 24. ஒரு கூறு 8. 'மடங்கு' என்ற சொல் இங்கே மயக்குவதில்லை, யாருக்கு எத்தனை கூறு என்று படம் முன்னரே சொல்லிவிட்டமையால். காகிதத்தை மடித்துக் காட்டும் ஆசிரியர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காகிதத்தை இருமுறை பாதியாக மடித்தால் கிடைப்பது நான்கு கூறு, இரண்டு மடங்கு என்பதோ இரண்டு கூறு.

இம்முறையின் வலிமை ஈரடுக்குக் கணக்கில் விளங்கும். அண்ணனிடம் உள்ள பணம் தம்பியிடம் உள்ளதைப்போல் 3 மடங்கு, இருவரிடமும் சேர்த்து 480 ரூபா உண்டு, அண்ணனிடம் எவ்வளவு? படம் வரையாத பிள்ளை 480ஐ மூன்றால் வகுத்து 160 என்று நிறுத்தும். படம் வரைந்த பிள்ளை தம்பிக்கு ஒன்றும் அண்ணனுக்கு மூன்றுமாக நான்கு கூறுகளைக் காணும். நான்கு கூறு 480, ஒரு கூறு 120, அண்ணனிடம் 360. இனி 'சேர்த்து 480' என்பதை 'அண்ணனிடம் 480 ரூபா கூடுதலாக உண்டு' என்று மாற்றுக. படம் அதுவே, 480 நிற்கும் இடம் மாறிவிட்டது. கூடுதலாக உள்ளவை இரண்டு கூறு; ஒரு கூறு 240; அண்ணனிடம் 720. அட்சரகணிதம் அறியாத பத்து வயதுப் பிள்ளை அட்சரகணிதத்தின் வேலையைக் கட்டம் வரைந்து செய்துவிடுகிறது.

நம் பழைய கணக்கு நூல்களும் இதற்கு இடந்தருவனவே. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அரியாமலே சுளையின் தொகையை அறிய ஒரு வழி கூறப்படுகிறது. காம்பைச் சூழ்ந்துள்ள சிறுமுள்ளை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முள் 90 ஆயின் சுளை 108. இதனைப் படமாக்கினால் முள்ளுக்கு ஐந்து கூறு, சுளைக்கு அதே அளவில் ஆறு கூறு. ஒரு கூறு 18. மனப்பாடமாகக் கிடந்த விதி பொருளோடு விளங்குகிறது. பழத்தை அரிந்து எண்ணி விதி பொருந்துகிறதா என்று பார்ப்பது அடுத்த பாடம். அது பிள்ளைகளுக்கு உவப்பான பாடமுமாகும்.

கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

கொட்டாஞ்சேனையில் தந்தையின் கடையில் மாலையில் நிற்கும் சிறுவர் பலர் எம் வகுப்புகளில் உள்ளனர். செவ்விளநீர் ஒன்று 150 ரூபா. ஆறு எவ்வளவு என்றால், 'இரண்டு முந்நூறு, நாலு அறுநூறு, ஆறு தொள்ளாயிரம்' என்று வாய் மூடுமுன் சொல்லும் பிள்ளை, அதே கணக்கைத் தாளிற் கண்டால் திகைக்கும். அப்பிள்ளையை 'மந்தன்' என்று அழைப்பவரும் உளர்.

பிரேசில் நாட்டு ரெசிபே நகரத்தில் தெருவில் பண்டம் விற்ற ஐந்து சிறுவரை ஆராய்ந்து மூன்று அறிஞர் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே எண்களைக் கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74 சரி. கதையை நீக்கி வெறும் எண்ணாகத் தாளிற் கொடுத்தபோது 37 மட்டுமே சரி. நான்கு தேங்காய்க்கு விலை சரியாகச் சொன்ன சிறுவன், 35 × 4 என்று எழுதக் கேட்டபோது 200 என்று எழுதினான். தேங்காய் ஒன்று 35 என்றபோது 140 என்று கூறியவனும் அவனே. பொருள் கண்முன் இருந்தபோது அறிவு இருந்தது. பொருள் மறைந்ததும் அறிவும் மறைந்தது. கடைக்கும் தாளுக்கும் இடையில் ஒரு பாலம் வேண்டும். படம் அப்பாலமாக நிற்க வல்லது.

மீதி என்னும் பொறி

வகுத்தலில் மீதி வரும்போது கதையை மறந்தவர் அகப்படுவர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாடளாவிய தேர்வொன்றில் பதின்மூன்று வயதினரிடம் ஒரு கணக்குக் கேட்கப்பட்டது: பேருந்து ஒன்றில் 36 படைவீரர் செல்லலாம், 1128 படைவீரர் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? நூற்றுக்கு எழுபதின்மர் பிழையின்றி வகுத்தனர். ஆனால் 32 என்ற சரியான விடையை எழுதியவர் 23 பேரே. பலர் 31, மீதி 12 என்று எழுதி அமைந்தனர். பன்னிரண்டு படைவீரர் தெருவில் நின்றனர்!

50ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. ஐம்பது மாணாக்கர் வேனுக்கு எட்டுப் பேராகச் செல்ல ஏழு வேன் வேண்டும். ஐம்பது முழக் கயிற்றில் எட்டு முழத் துண்டுகள் ஆறே தேறும். ஐம்பது பாற்சோற்றுத் துண்டுகளை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறேகால் வரும். செய்கை ஒன்று, விடை மூன்று. ஆறு முழுக்கூறும் கடைசியில் ஒரு சிறு துண்டுமாகப் படத்தை வரைந்து, 'இச்சிறு துண்டை என்ன செய்யலாம்?' என்று கேட்டால் பிள்ளைகள் தாமே விடை கூறுவர்.

இரண்டு மறுப்புகள்

படம் வரைய நேரம் எங்கே என்பது ஆசிரியர் சிலரின் மறுப்பு. பரீட்சையில் நிமிடம் அருமையானது, மெய்யே. ஆயின் படம் அழகாக அமைய வேண்டியதில்லை. அளவுகோல் வேண்டாம், வண்ணம் வேண்டாம், மாம்பழம் வரைய வேண்டாம். இரண்டு கோடும் ஒரு வினாக்குறியும் போதும். பழகிய பிள்ளை சில நாளில் மனத்திலேயே கட்டத்தைக் கண்டு கணக்கைச் செய்யும். கடினமான கணக்குக்கு மட்டுமே பென்சிலை எடுக்கும். பிழையான வழியில் தொடங்கி அழித்தெழுதும் நேரத்தை எவரும் கணக்கிடுவதில்லை.

வாய்பாட்டை மனனம் செய்தால் போதாதா என்பது பெற்றோர் மறுப்பு. வாய்பாடு வேண்டும். எண்சுவடியை மனனம் செய்த நம் முன்னோர் காணியும் மாவும் முக்காலும் உட்படச் சிற்றெண்களை வாயால் கணித்தனர். அத்திறத்தை இகழ்தல் தகாது. மூவெட்டு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்குக் கட்டம் வரைந்தும் பயனில்லை. வாய்பாடு 'எவ்வளவு' என்பதற்கு விடை தரும். 'எதை' என்பதற்கு விடை தராது. இரண்டும் பிள்ளைக்கு உரியவை.

படம் வரைதலையும் ஒரு சடங்காக்கிவிடும் ஆபத்து உண்டு. கட்டம் வரைந்தால் ஒரு புள்ளி, வரையாவிட்டால் புள்ளி குறைப்பு என்ற நிலை வந்தால் பழைய குறுக்கு வழியைப் போலவே இதுவும் கெடும். வேறு வழியால் விளங்கிக்கொண்ட பிள்ளையை அவ்வழியே விடுக.

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். 'பெருக்கிறதா, பிரிக்கிறதா?' என்று பிள்ளை கேட்கும்போது விடை சொல்லிவிடாதீர்கள்; வையவும் வேண்டாம். எண்களை மறைத்துக்கொண்டு, கதையில் நடந்ததை அதன் சொந்தச் சொல்லிற் சொல்லச் சொல்லுங்கள். யாரிடம் இருந்தது, யாருக்குப் போனது, எத்தனை கூறு, எது தெரியாது என்று நான்கு கேள்வி கேளுங்கள். பின்னர் ஒரு கட்டம் வரையச் செய்யுங்கள். முதல் வாரத்தில் ஐந்து கணக்குச் செய்யும் நேரத்தில் இரண்டே முடியும். அதனால் மனம் தளர வேண்டாம். தமிழாசிரியரும் வாசிப்புப் பாடத்தில் வாரம் ஒரு கணக்கைக் கதையாகப் படிப்பித்தால், கணித ஆசிரியரின் சுமையிற் பாதி குறையும் என்பது என் துணிபு.